ஊர் கூடி நடப்போம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்திற்கு ஒரு யோசனை

திருப்பதி நகரின் அலிபிரியில் தொடங்கும் மலைநடைபாதை சுமார் 3,550 படிகளும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரமும் கொண்டது. ஸ்ரீநிவாசமங்காபுரத்தின் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழி இதனினும் குறுகியது. அதில் சுமார் 2,400 படிகள் உள்ளன. இவ்விரு வழிகளிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் மலையேறுகின்றனர். புரட்டாசி மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து பாதயாத்திரையாக வருவோரின் தொகை மேலும் பெருகுகின்றது. இத்தனை கால்கள் நடந்து தேய்ந்த ஒரு வட்டாரத்தில், வயது வந்தோருக்கு நடைப்பயிற்சியைக் குறித்து எடுத்துரைக்க வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் வினவலாம். அவசியம் உண்டு என்பதையும், அதைச் செய்யத் தக்கவர்கள் நம் களப்பணியாளரும் ஆசிரியருமே என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயது வந்த ஒருவர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலாகும். இந்த அளவை எட்டாதோர் 2022-இல் இந்திய நாட்டின் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் என்று 2024-இல் வெளியான கணக்கு கூறுகின்றது. ஆண்களில் நூற்றுக்கு 42 பேரும், பெண்களில் நூற்றுக்கு 57 பேரும் இவ்வகையினர். கிணற்றில் நீர் இறைத்தல், உரலில் மாவரைத்தல், சந்தைக்குச் சுமை தூக்கி நடத்தல் ஆகிய வேலைகளைப் பம்பு செட்டும், மாவரைக்கும் இயந்திரமும், ஷேர் ஆட்டோவும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இது நல்ல மாறுதலே. பழைய சிரமங்கள் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆனால் அச்சிரமங்களோடு உடலுக்குக் கிடைத்து வந்த பயிற்சியும் போய்விட்டது. போனதை இனி நாமே திட்டமிட்டு ஈடு செய்தாக வேண்டும்.

உடலுழைப்பிற்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஜெரமி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் குறிப்பிடத்தக்கவர். லண்டன் நகரத்து இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைக் காட்டிலும், மேலும் கீழுமாகப் படியேறி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக வருகின்றது என்று அவரும் அவருடைய சகாக்களும் 1953-இல் அறிவித்தனர். இருவரும் ஒரே ஸ்தாபனத்தில், ஒரே வாகனத்தில் பணி புரிந்தவர்கள். அன்றாடம் சிறிது சிறிதாகச் செய்யும் உழைப்பே இருவரையும் வேறுபடுத்தியது என்று அவர்கள் கருதினர். அதற்குப் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இக்கருத்திற்கு வலுவூட்டியுள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது அன்றாடம் என்னும் சொல்லாகும். ஆண்டிற்கு ஒரு முறை திருமலைப் படிகளை ஏறுவது பக்திக்குரிய செயல். ஆனால் அது தேகப்பயிற்சியாகாது. நாற்காலியில் பதினொரு மாதம் அமர்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் மூவாயிரம் படிகளை ஏறுவது, பழக்கமில்லாத இருதயத்தின் மீது பெரும் பாரத்தை ஏற்றுவதாகும். இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளோரும் 60 வயதைக் கடந்தோரும் நடந்து மலையேற வேண்டாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024-இல் அறிவுறுத்தியதை நம் வாசகர்கள் அறிவர். மலையேற விரும்பும் ஒருவர் முன்னதாகப் பல மாதங்கள் தம் ஊர்த் தெருவில் நடந்து பழகியிருப்பாரானால், யாத்திரையும் அவருக்கு எளிதாகும். யாத்திரை முடிந்த பின்னும் அப்பயன் நீடிக்கும்.

இத்தகைய விஷயங்களில் நாம் வழக்கமாகச் செய்வது யாது? ஒரு தினத்தைக் குறித்து, பாடசாலைப் பிள்ளைகளின் கையில் அட்டைகளைக் கொடுத்து, ஊர்வலம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றோம். ஊர்வலத்தில் நடப்பவர்கள் பிள்ளைகள். நடக்க வேண்டிய பெரியவர்கள் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்க்கின்றனர். தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் இதனினும் மேலானது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மக்களைச் சேர்ந்து நடக்க அழைப்பது பாராட்டத்தக்க ஏற்பாடாகும். ஆயினும் மாதத்தில் ஒரு நாள் என்பது அழைப்பு மட்டுமே. எஞ்சிய நாட்களுக்கு ஒவ்வொரு ஊரும் தானே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

தனியே நடந்தால் ஆகாதா என்னும் கேள்வி நியாயமானதே. தனியே நடப்பவருக்கும் அதே நன்மை உண்டு. ஆனால் தனியே தொடங்குவோரில் பலர் சில வாரங்களில் நிறுத்திவிடுகின்றனர். வாசலில் வந்து அழைக்க ஒருவர் இருக்கும்போது படுக்கையை விட்டு எழுவது எளிது. நடைக் குழுக்களைப் பற்றிய 42 ஆராய்ச்சிகளை ஒருங்கே பரிசீலித்த அறிக்கை ஒன்று 2015-இல் பிரிட்டனில் வெளியாயிற்று. குழுவாக நடந்தோரிடம் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் அளவு குறைந்ததென்றும், ஓய்வு நிலை நாடித் துடிப்பும் உடற்கொழுப்பும் மனச்சோர்வும் குறைந்தனவென்றும், பங்கு பெற்றோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இடையில் விலகவில்லை என்றும் அது கூறுகின்றது. குறைவின் அளவு சிறிதாகத் தோன்றலாம். ஓர் ஊரார் அனைவரிடத்தும் இச்சிறு குறைவு ஏற்படுமாயின், பக்கவாதமும் மாரடைப்பும் கணிசமாகக் குறையும்.

குழுவிற்குப் பாதுகாப்பு என்னும் மற்றொரு பயனும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்த துயர நிகழ்ச்சிக்குப் பின்னர், யாத்திரிகர்கள் கூட்டமாகவே செல்லுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது, கைத்தடிகளும் வழங்கப்பட்டன. நம் ஊர்த் தெருக்களில் சிறுத்தை இல்லை. ஆனால் தெரு நாய்களும், விளக்கில்லாத சாலைகளும், வேகமாக வரும் லாரிகளும் உள்ளன. விடியற்காலையில் தனியே நடக்கும் பெண்ணை ஊரார் ஒருவிதமாகப் பார்க்கும் வழக்கமும் உள்ளது. பத்துப் பெண்கள் சேர்ந்து நடக்கும்போது அப்பார்வைக்கு இடமில்லாமற் போகின்றது.

அயல்நாட்டு ஆராய்ச்சி நமக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் சென்னையைப் பார்க்கலாம். அங்கு ஆசியாட் காலனியில் 1990-களில் ஆய்வு நடத்திய மருத்துவர்கள், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் தேகப்பயிற்சி செய்வோர் நூற்றுக்கு 14 பேரே என்று கண்டனர். நீரிழிவைப் பற்றியும் உடலுழைப்பின் அவசியத்தைப் பற்றியும் எடுத்துரைத்ததன் பேரில், குடியிருப்போர் தாமே பொருள் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். அதன் பின் எடுத்த கணக்கில் அத்தொகை நூற்றுக்கு 58-ஐத் தாண்டியது. பத்திய உணவும் அன்றாட விரைவு நடையும் நீரிழிவைத் தடுக்க உதவும் என்பதையும் சென்னை ஆராய்ச்சியே காட்டியது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட பிரிவினரிடையே நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது.

இனி, யாரை அழைப்பது? வயலிலும் மாந்தோப்பிலும் கல் குவாரியிலும் நாள் முழுதும் உழைப்பவரை மாலையில் நடக்க வருமாறு அழைப்பது பொருந்தாது; அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. கடை வைத்திருப்போர், அலுவலகத்தார், ஓய்வு பெற்றோர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர், வீட்டளவில் வேலை சுருங்கிப்போன பெண்கள் ஆகியோரே முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள். ஆசிரியர்களும் இவ்வரிசையில் சேர்ந்தவர்களே. புதிதாக ஒரு சங்கம் தேவையில்லை. ஆந்திர மாநிலத்தில் ஊர்தோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இயங்கி வருகின்றன. ஒருவரையொருவர் நம்பிக் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தும் பெண்கள், ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு நடக்கவும் செய்வர். நகரி, குப்பம், சத்தியவேடு போன்ற பகுதிகளில் அறிவிப்புகள் தெலுங்கிலும் தமிழிலும் இருத்தல் நலம்.

நடைமுறை எளியது. ஒரு குழுவில் பத்து முதல் இருபது பேர் வரை இருக்கலாம். இடமும் நேரமும் மாறாதிருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் 10 அல்லது 15 நிமிடம் போதும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் என்னும் அளவை அடையலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். இதுவே தக்க வேகத்திற்கு அடையாளம். குழுவில் மெதுவாக நடப்பவரே வேகத்தை நிர்ணயிக்கட்டும். விரைந்து செல்ல வல்லவர் முன்னே சென்று திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். பாடசாலை மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டரானால், 12 சுற்று ஏறத்தாழ அரை மணி நடையாகும். இப்பக்கத்துக் கோடை கடுமையானது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் உதிக்கும் முன்னரோ மறைந்த பின்னரோ நடப்பதே தகும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்கெனவே உள்ளோர் டாக்டரைக் கண்ட பின்னரே சேர வேண்டும். நடக்கும்போது இவை தோன்றினால் உடனே நிறுத்திச் சிகிச்சை பெற வேண்டும். நீரிழிவிற்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை உடன் வைத்திருப்பதும், செருப்பின்றி நடவாதிருப்பதும் நன்று. குழு தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக் குறித்துக்கொண்டால், மூன்று மாதங்களுக்குப் பின் ஒப்பு நோக்க வசதியாகும்.

ஒரு பதிவேடும் வேண்டும். அதில் தேதி, வந்தோர், நடந்த நிமிடம் ஆகிய மூன்றையும் குறித்தால் போதும். எத்தனை பேர் தொடக்க விழாவிற்கு வந்தனர் என்பதைவிட, பன்னிரண்டாம் வாரத்தில் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதே மேலதிகாரிகள் கேட்க வேண்டிய கணக்கு. வராமல் நின்றுவிட்டவரை வீடு தேடிச் சென்று காரணம் கேட்பது களப்பணியாளரின் முக்கிய வேலையாகக் கருதப்பட வேண்டும். காரணம் முழங்கால் வலியாக இருக்கலாம், தண்ணீர் வரும் நேரமாக இருக்கலாம், மாமியாரின் மறுப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிற்கும் பரிகாரம் வேறு. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும் ஸ்விம்ஸ் நிறுவனமும் இப்பதிவேடுகளைப் பரிசீலித்து உதவ முன்வருமானால், நம் வட்டாரத்திற்கு ஏற்ற முறை எது என்பது அனுபவத்திலிருந்தே தெளியும்.

பல பொறுப்புகளைச் சுமக்கும் ஆசிரியர் மீது இன்னொன்றையும் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கின்றது. குழுவை நடத்தும் பொறுப்பு குழுவினருக்கே உரியது. அவர்களுள் ஒருவர் தலைமை தாங்க, மற்றொருவர் துணை நிற்கட்டும். ஆசிரியரிடம் நாம் கோருவது பாடசாலை மைதானத்தின் கதவைக் காலையில் ஒரு மணி முன்னதாகத் திறந்துவிட அனுமதிப்பதும், இயன்ற நாட்களில் தாமும் சேர்ந்து நடப்பதுமே ஆகும். களப்பணியாளர்கள் தங்கள் எல்லையிலுள்ள எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்க முயல வேண்டாம். இரண்டு ஊர்களைத் தேர்ந்து, மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஆரம்பித்து, கோடை வரும்வரை இடைவிடாது நடத்திப் பார்க்கட்டும். அவ்விரண்டு பதிவேடுகளும் அடுத்த ஆண்டு எத்தனை ஊர்களுக்கு இதை விரிக்கலாம் என்பதை நமக்கு அறிவிக்கும்.