கார்டு இருக்கு... பேர் இருக்கா?

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் மக்களவைத் தேர்தல். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பொங்கலுக்கு நிற்கிற மாதிரி கூட்டம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, திருவண்ணாமலை பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடித்து, விடியற்காலையில் எங்கள் கிராமத்தில் போய் இறங்கினேன். குளித்துவிட்டு, ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஏழரை மணிக்கெல்லாம் பூத்தில் இருந்தேன்.

ஆயா ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் போடவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை.

"சார், கார்டு இருக்கு சார். 2021-ல இதே ஸ்கூல்லதான் ஓட்டுப் போட்டேன்."

"கார்டு இருந்தா போதாதும்மா. லிஸ்ட்ல பேர் இருக்கணும்."

இதில் பெரிய கூத்து என்னவென்றால், 'வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? மொபைலிலேயே பார்ப்பது எப்படி?' என்று அந்த மாதம்தான் ஒரு கட்டுரை எழுதி ஏற்றியிருந்தேன். லிங்க், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டு. என் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. கார்டுதான் பர்ஸில் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து விசாரித்தால், கதை இப்படிப் போகிறது. பட்டியல் சரிபார்க்க வந்த அலுவலர் ஒவ்வொரு பெயராகப் படித்திருக்கிறார். என் பெயர் வந்ததும், "எம் பேத்தி மெட்ராஸ்ல பெரிய வேலையில இருக்கா. இங்க எங்க இருக்கா, தீபாவளி பொங்கலுக்குத்தான் வருவா" என்று ஆயா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏதோ ஒரு காகிதம் வந்ததாம். அப்பா அதை கேஸ் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டார். யார் மேல் கோபப்படுவது? ஆயா சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

சட்டம் கேட்பதும் அதைத்தான். ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளவும் கூடாது. படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை. கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பெற்றோர் வீட்டு முகவரி, விடுதி முகவரி இரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். விடுதி என்றால் கல்லூரி முதல்வரிடம் ஒரு சான்று வாங்க வேண்டும்.

அப்பாவுக்கு என்னைவிட வருத்தம். 1989 ஜனவரியில் தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது அவருக்கு 19 வயது. ஆனால், அப்போது ஓட்டுரிமைக்கு 21 ஆகியிருக்க வேண்டும். கூட்டாளிகளோடு சேர்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தாராம். மார்ச்சில் 61-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து வயது 18 ஆனது. நவம்பரில் மக்களவைத் தேர்தலில் முதல் ஓட்டு. "எங்களுக்கு ஆசை இருந்துச்சு, சட்டம் இல்ல. உங்களுக்கு எல்லாம் இருந்தும் இப்படி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதிப் பாதி இன்னும் உறுத்துகிறது.

சென்னை திரும்பியதும் ரூமில் கேட்டேன். வேளச்சேரியில் நாங்கள் நான்கு பேர். தூத்துக்குடிக்காரி டிக்கெட் கிடைக்காமல் போகவில்லை. கரூர்க்காரிக்கு மறுநாள் காலை ஷிப்ட். நான்காவது பெண் விண்ணப்பமே போட்டதில்லை. ஆக, ஓட்டுரிமை வயதில் நாலு பேர், ஓட்டு பூஜ்யம். இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று டி.வி விவாதங்களில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ரூமில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அரசியல்தான். இல்லாதது அக்கறை இல்லை, உள்ளூர் முகவரி.

இதே சென்னையில், 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியின் முடிவு 137 ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானமானது. அந்தத் தொகுதியில் எத்தனை மேன்ஷன், எத்தனை லேடீஸ் ஹாஸ்டல், கடை ஊழியர்கள் தங்கும் எத்தனை மாடி என்று யோசித்துப் பாருங்கள். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. நீதிமன்றம் வரை போனது.

சரி, சென்னையிலேயே பதிவு செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு அப்பா சொன்ன பதிலை எதிர்பார்க்கவில்லை.

"அப்போ பஞ்சாயத்துத் தேர்தல்ல உனக்கு இங்க ஓட்டு இருக்காது. கிராம சபையிலயும் நீ வெளியாள்தான். பரவால்லியா?"

ஒரு வாரம் அந்த விண்ணப்பத்தைத் தொடவில்லை. எங்கள் ஊர் ஏரி, எங்கள் ஊர் ஸ்கூல் பற்றி இனி என் பெயர் பேசாது. ஆனால், நான் தண்ணீர் கேன் வாங்குவது, பஸ் ஏறுவது, மழை வந்தால் வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் வேளச்சேரியில். அந்த மழைநீர் வடிகால் யார் பொறுப்பு என்று கேட்க, எனக்கு இங்கேதானே ஓட்டு வேண்டும்?

பெயர் நீக்கப்பட்டுவிட்டதால் புதிதாகச் சேர்ப்பதற்கான படிவம் 6 போடவேண்டி வந்தது. பெயர் இருந்து, முகவரி மட்டும் மாறுகிறது என்றால் படிவம் 8. இரண்டையும் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை தளத்தில் மொபைலிலேயே போடலாம். சிக்கல் முகவரிச் சான்றில்தான். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை எந்த ஹவுஸ் ஓனர் பதிவு செய்து தருகிறார்? நான் பேங்கில் முகவரியை மாற்றி, பாஸ்புக்கைக் காட்டினேன். எந்தச் சான்றும் இல்லாதவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது.

எங்கள் பகுதிக்கு அந்த அலுவலர் ஓர் அங்கன்வாடி ஊழியர் அக்கா. மூன்றாவது முறைதான் என்னைப் பிடித்தார். "பேச்சிலர் வீடுன்னாலே பூட்டுதான்மா தொங்குது. ரெண்டு தடவை படியேறி வந்தேன்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். அவர் போன் நம்பரை வாங்கி ரூம் குரூப்பில் போட்டது, அந்த வருடம் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. அடுத்த மாதமே கரூர்க்காரியும் நான்காமவளும் விண்ணப்பித்தார்கள். தூத்துக்குடிக்காரி மட்டும், "எங்க ஊரு ஓட்டை விட மாட்டேன், அடுத்த தடவை டிக்கெட்டை முன்னாடியே போட்டுக்கிறேன்" என்றாள்.

2025 நவம்பரில் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் வந்தபோது, அதே அக்கா கீழே நின்று போன் செய்தார். பூர்த்தி செய்து கொடுத்தோம். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில், மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி, இடம் மாறியவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். அந்த எண்ணிக்கையைச் செய்தியாக டைப் செய்யும்போது, பேத்தியைப் பற்றிப் பெருமை பேசிய எத்தனை ஆயாக்கள் அதற்குள் இருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேட்புமனு தாக்கல் செய்யக் கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்க முடியாது. 2024-ல் தமிழகத்துக்கு அந்த நாள் மார்ச் 27. நான் அந்தக் கட்டுரையை ஏற்றியது ஏப்ரலில்! படித்துவிட்டுப் பெயர் இல்லை என்று கண்டுபிடித்தவர் என்ன செய்திருக்க முடியும்? எங்களைத் திட்டியிருக்கலாம். அதனால்தான் இந்த வாரமே கேட்கிறேன். கார்டில் இருக்கும் எண்ணை அந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பாகம் எண், வரிசை எண் வந்தால் சரி. வராவிட்டால் 1950-க்கு போன் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் எண்ணையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

என் தம்பிக்கு இப்போது 17. கோயம்புத்தூரில் முதலாம் ஆண்டு, ஹாஸ்டல். முன்பு ஜனவரி 1-ம் தேதி 18 ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதுதான். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். லிங்க் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அக்கா, எல்லாம் போட்டுட்டேன். அட்ரஸ் மட்டும் பாக்கி. ஹாஸ்டலா, வீடா?"

"நீதான்டா முடிவு பண்ணணும்."

லைனில் அப்பாவும் இருந்திருக்கிறார். கான்ஃபரன்ஸ் கால். "பஞ்சாயத்துத் தேர்தல் வருதுன்னு அவங்கிட்ட சொன்னியா?" என்றார்.