திருப்பாச்சேத்தி அரிவாளும் அமெரிக்கக் கத்தியும்

தரமணி டைடல் பார்க் பக்கம் ரோட்டோரம் இளநீர் வெட்டுபவரைக் கவனித்ததுண்டா? நாலே வெட்டு, ஒரு சொட்டு சிந்தாது. கைப்பழக்கம் பாதி என்றால் அரிவாள் மீதி. ஆனால் அந்த அரிவாளை அடித்த கொல்லர் யார் என்று இளநீர் குடிக்கிற யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே வேட்டைக்கத்தி செய்யும் கொல்லர்களுக்கு ரசிகர்களே உண்டு! 1976-ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி அவர்களுக்குப் பரீட்சை வைக்கிறது. தான் அடித்த கத்தியால் தொங்குகிற ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அப்புறம் மரக்கட்டையை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கத்தி கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைத்தாலும் உடைந்து விழக்கூடாது. இப்படித் தேறியவரின் முத்திரை கத்தியில் இருக்கும். வாங்குபவர் இரும்புக்கு மட்டுமா காசு கொடுக்கிறார்? அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான்.

நம்மூரில் இதற்கு இணை என்றால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. 2005-ல் விஜய் நடித்த 'திருப்பாச்சி' படத்தால் ஊர் பெயர் இன்னும் பிரபலம். லாரி ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கொல்லர்கள் விரும்பும் 5160 எஃகும் ஸ்பிரிங் எஃகு ரகம்தான். உலையில் பழுக்கிற நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணிக்க வேண்டும். தோய்க்கும்போது சூடு தப்பினால் விளிம்பு நொறுங்கும், இல்லாவிட்டால் சீக்கிரம் மழுங்கும். இந்தத் திறமைக்கு இங்கே பரீட்சையும் இல்லை, முத்திரையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கத்திக்கு வேலையில்லை. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கூரான கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளில் ஆயுதமாக வருகின்றன. வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, தென்னந்தோப்பில் கருவியாக இருப்பது பஸ் ஸ்டாண்டில் ஆயுதமாகிவிடும்.

அரிவாளால் கொலைகள் நடக்கின்றன, அதில் சில சாதிக்காக நடக்கின்றன. இதை மறைத்துவிட்டுக் கைவினை, பாரம்பரியம் என்று மட்டும் பேசுவது நேர்மையல்ல. 2021 செப்டம்பரில் தமிழகப் போலீஸ் ரவுடிகளைத் தேடித் தேடிப் பிடித்தபோது, அரிவாள் வாங்குபவரின் விவரங்களைக் குறித்துவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொல்லப்பட்டது. நியாயம்தான். வாங்குபவர் பெயரை நோட்டில் எழுதச் சொல்பவர்கள், செய்தவர் பெயரை அரிவாளிலேயே பொறிக்கச் சொன்னால் என்ன?

பட்டறை பெயரும் ஒரு நம்பரும் போதும். எந்த அரிவாள் எங்கிருந்து வந்தது என்று போலீஸுக்குத் தெரியும். நம்பர் உள்ள அரிவாளைத் தூக்க ரவுடியும் யோசிப்பான். முத்திரையை ராவி அழித்துவிட மாட்டானா என்று கேட்கலாம். அழிப்பான்தான். ஆனால் அழித்த தடமே சந்தேகத்தைக் கிளப்புமே!

கொல்லருக்கு லாபம் அதைவிடப் பெரிது. காமர்ஸ் வகுப்பில் பிராண்ட் என்று படிப்பது இதைத்தானே? பெயரில்லாத சரக்கு விலையில் மட்டும்தான் போட்டி போட முடியும். மிஷினில் செய்த மலிவு அரிவாள் எதிரே நின்றால் பட்டறை தோற்றுவிடும். அப்புறம் அவர் பிள்ளை ஏன் சம்மட்டி பிடிக்கப் போகிறான்?

2025 ஜனவரியில் சிவகளை ஆய்வு முடிவுகளைத் தமிழக முதல்வர் வெளியிட்டார். தமிழ்நாட்டில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு பயன்பட்டது என்று எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தக் காலத்துக் கொல்லர் பெயர் தெரியாமல் போனது யார் தப்பும் இல்லை. இன்றைக்கு உலையின் முன்னால் நிற்பவர் பெயரும் தெரியாமல் போனால் அது நம் தப்புதான்.