பாட்டா படிச்சா அறிவியல் வார்த்தைகள் மறக்காதா?

சினிமா பாட்டு முழுசா ஞாபகம் இருக்கு, ஆனா சைலமும் புளோயமும் மட்டும் பரீட்சையில மாறிப்போகுதே! பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. பாடத்தையே பாட்டாக்கினால் என்ன?

யோசனை பழசுதான். திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு எனும் சொற்பொருள் நூலைப் பிள்ளைகள் செய்யுளாகவே மனப்பாடம் செய்தார்கள். மெட்டும் எதுகையும் அடுத்த வார்த்தையைத் தானாக இழுத்து வந்துவிடும்.

சிக்கலும் அங்கேதான். அமெரிக்காவின் டாம் லெரர் 1959-ல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ்' பாட்டில் அன்று தெரிந்திருந்த 102 தனிமங்களும் வரும். ஆனால் வரிசை அணு எண்படி அல்ல, சந்தப்படி! அதை மூச்சுவிடாமல் பாடினாலும் இரும்பின் அணு எண் 26 என்பது தெரியவராது.

ஆக, பெயரோடு வேலையும் வரியில் இருக்கணும். சைலம் தண்ணீரை மேலே ஏற்றும், புளோயம் உணவைக் கொண்டுபோகும் என்பதுபோல. தமிழ்வழி மாணவர்களுக்குக் கூடுதல் தேவையும் உண்டு. பள்ளியில் படித்த 'ஒளிச்சேர்க்கை' கல்லூரியில் 'போட்டோசிந்தசிஸ்' ஆகிவிடும். இரண்டு பெயரும் ஒரே அடியில் இருந்தால் முதல் வருடம் திணறல் குறையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு வேண்டாம், தண்டின் படத்தைக் காட்டி 'இதுல தண்ணி எது வழியா போகும்?' என்று கேளுங்கள்.