வெள்ளிக்கிழமை பாஸான சட்டங்கள்

ஆபீஸ்ல நான் நாலு வரி கோட் மாத்தினாலும், இன்னொருத்தர் உட்கார்ந்து படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் அது உள்ளே போகும். வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணவே கூடாதுங்கிறது எழுதாத விதி. சனி ஞாயிறுல வெடிச்சா எவன் ஃபோனை எடுப்பான்? :-)

2023 ஏப்ரல் 21 ஒரு வெள்ளிக்கிழமை. தமிழக சட்டசபையில பட்ஜெட் கூட்டத்தொடரோட கடைசி நாள். மசோதாக்கள் வரிசையா நிறைவேறின. அதுல ரெண்டு மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது.

ஒண்ணு, தொழிற்சாலைகள் திருத்த மசோதா. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், ஆனா ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி செய்யற மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க. எங்க மாமா ஊருக்குப் பக்கத்துல ஸ்பின்னிங் மில்லுல இருபது வருஷமா நிக்கிறவர். "என்ன மாப்ள, எட்டு மணி நேரத்துக்கே கால் வீங்குது, பன்னெண்டா?"ன்னு அன்னிக்கு ராத்திரி போன்ல கேட்டார். அப்புறம் ஆளுங்கட்சித் தொழிற்சங்கம் உட்பட எல்லாரும் எதிர்த்ததால மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க. மே 1-ல் வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். நல்லது. ஆனா சபைக்குள்ளேயே கண்டுபிடிச்சிருக்க வேண்டிய பிழையை தெருவுல நின்னு கண்டுபிடிச்சிருக்கோம்.

ரெண்டாவது, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள்ள ஓடை, வாய்க்கால், குளம்னு வந்தா, அந்த அரசு நிலத்தையும் திட்டத்தோட சேர்க்க வழி சொல்லுது. இது அன்னிக்கு விவாதமே இல்லாம பாஸாச்சு. எல்லாரும் பன்னெண்டு மணி நேரத்தைப் பத்தியே பேசிட்டிருந்ததுல இது சத்தமில்லாம நழுவிடுச்சு. 2024 அக்டோபர்ல அமலுக்கும் வந்துடுச்சு. விவசாயச் சங்கங்களும் பூவுலகின் நண்பர்களும் கத்தினதெல்லாம் பாஸான பிறகுதான். எங்க மீறுசமுத்திரம் கண்மாய் நாளைக்கே போயிடும்னு நான் சொல்லல. ஆனா கண்மாய்த் தண்ணியைக் கண்ட ஒரு சம்சாரியைக் கூப்பிட்டு "இது சரிப்படுமா"ன்னு கேட்டிருக்கலாமே?

குமுளி தாண்டினா கேரளா. முல்லைப் பெரியாறு விஷயத்துல நமக்கும் அவங்களுக்கும் ஆகாது, சரி. ஆனா 1980-லிருந்தே அங்க துறைவாரியா குழுக்கள் இருக்கு. மசோதா வந்தா வழக்கமா முதல்ல குழுவுக்குப் போகும். அவசரம்னு அதைத் தாண்டிப் போன கதைகளும் உண்டு, அது வேற. நாடாளுமன்றத்துலயும் 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கு. நம்ம ஊர்ல தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கன்னு கேட்டாலே ஏதோ ஆட்சியைக் கவிழ்க்கச் சொன்ன மாதிரி பார்க்கிறாங்க.

குழு ஏன் முக்கியம்னா, கொறடா உத்தரவு அங்க வராது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததுக்கப்புறம், சபையில கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போகலாம். அப்புறம் எந்த எம்.எல்.ஏ. வாயைத் திறப்பார்? குழுவுல நாலு சுவத்துக்குள்ள "இந்தப் பிரிவு தப்பு சார்"னு ஆளுங்கட்சிக்காரரே சொல்ல முடியும்.

தாமதமாகுமாம். 2020-லிருந்து ஆளுநர்கிட்ட தேங்கின மசோதாக்களுக்காக 2023 நவம்பர்ல தனிக் கூட்டம் போட்டு, பத்து மசோதாவைத் திரும்ப நிறைவேத்தி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனோம். அந்தச் சண்டையில நான் சபை பக்கம்தான். ஆனா சபைக்குள்ள ஒரு பதினஞ்சு நாள் கூடுதலாச் செலவானா என்ன குறைஞ்சுடும்? மசோதாவைச் சட்டமாக்கறதுக்கு முன்னாடி முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு மத்திய அரசு 2014-ல் ஒரு கொள்கையே போட்டுச்சு. அதை அவங்களே ஒழுங்கா மதிக்கல. நாம மதிச்சுக் காட்டலாம், தமிழ்ல போட்டு.

எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஓ.பி.எஸ்.னு மூணு முதல்வர்களை ஜெயிக்க வெச்ச மாவட்டம் எங்களுது. அதனால எங்க ஊர் டீக்கடையில அரசியலுக்குப் பஞ்சமே கிடையாது. போன தடவை போனப்ப மாமாகிட்ட அந்த நிலச் சட்டத்தைப் பத்திச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"நம்ம எம்.எல்.ஏ. அன்னிக்கு ஆமாம்னாரா, இல்லைன்னாரா?"

குரல் வாக்கெடுப்பு மாமா. பேரெல்லாம் குறிக்க மாட்டாங்க.