ஆசிரியருக்கு ஒரு கோடை ஆய்வகம்



விடைத்தாள் திருத்தும் வேலையெல்லாம் முடிந்து அறிவியல் ஆசிரியர்கள் சற்று மூச்சு விடும் நாளில் இந்த இதழ் வெளிவருகிறது. அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

1970களில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய செல்சீ, சாமர்வில் என்னும் இரண்டு ஊர்களில் முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேலை வந்தது. வகுப்பில் எந்தக் குழந்தைக்குப் பால்பல் விழுந்தாலும் அதை வாங்கி வைக்க வேண்டும். நம் ஊரில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிடுகிற அந்தப் பல்லை ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் கேட்டு வாங்கினார். உடலுக்குள் போகும் காரீயம் இரத்தத்தில் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் பல்லிலும் எலும்பிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து நிற்கும். குழந்தை தவழ்ந்த காலத்தில் எவ்வளவு நஞ்சை விழுங்கியது என்பதற்கு விழுந்த பல்லே சாட்சி.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் பிள்ளையின் கவனம் எளிதில் சிதறுகிறதா? எடுத்த வேலையை முடிக்கிறதா? சொன்னதை வரிசையாகச் செய்கிறதா? சட்டென்று சலித்துப்போகிறதா? எந்தப் பல்லில் எவ்வளவு காரீயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. 2,146 குழந்தைகளுக்கு இப்படிப் படிவங்கள் சேர்ந்தன. பல்லில் இருந்த காரீய அளவின்படி அந்தக் குழந்தைகளை ஆறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, அளவு ஏற ஏற ஆசிரியர்கள் குறித்த குறைகளும் படிப்படியாக ஏறியிருந்தன. பார்வைக்கு நன்றாக இருந்த பிள்ளைகள் அவர்கள். நஞ்சு ஏறியவர்கள் என்று எந்த மருத்துவரும் அவர்களைச் சொன்னதில்லை. 1979இல் இந்த ஆய்வு வெளியானது. அதே பிள்ளைகளில் சிலரைப் பிற்பாடு தேடிப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. பல்லில் காரீயம் மிகுந்திருந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நின்றுபோகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. பெட்ரோலிலிருந்து காரீயத்தை அகற்ற நடந்த வாதத்தில் இந்த ஆய்வு பெரிய ஆயுதமாக இருந்தது. அமெரிக்கா 1996இலும் இந்தியா 2000இலும் காரீயம் கலந்த பெட்ரோலைச் சாலை வாகனங்களுக்கு முழுதாக நிறுத்தின.

அந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை. ஒரு குழந்தையைத் தினமும் ஐந்தாறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு யார்? மருத்துவர் பத்து நிமிடம் பார்ப்பார். ஆனால் அங்கே ஆசிரியர்கள் கொடுத்தது கண்ணை மட்டும்தான். கேள்வி மருத்துவருடையது. அந்தக் கேள்வியே ஆசிரியருக்கு எழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் இங்கே பேச வந்தது.

சுற்றுச்சூழலைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் நிறையவே இருக்கிறது. காற்று மாசு, நீர் மாசு, நில மாசு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆனால் மாசு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு போனால் செய்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். குற்றம் ஆசிரியர் மீது இல்லை. ஒரு முறையாவது தானே ஆய்வு செய்து, முடிவு வராமல் தவித்து, மறுபடி செய்து பார்க்கும் வாய்ப்பை நாம் அவருக்குத் தந்ததே இல்லை. பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பவை; அவற்றில் கை அழுக்காவதில்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1990இல் ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் அடுத்தடுத்து இரண்டு கோடைகளில் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளோடு சேர்ந்து வேலை செய்வார்கள். அதன் பலனைச் 'சயின்ஸ்' இதழ் 2009இல் வெளியிட்டது. திட்டத்தில் சேர்வதற்கு முன் இந்த ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் மற்றவர்களின் மாணவர்களுக்கும் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை. சேர்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மாநில அறிவியல் தேர்வில் இவர்களின் மாணவர்கள் தேர்ச்சி பெறும் விகிதம் மற்றவர்களின் மாணவர்களைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்றாம் ஆண்டில்தான் பலன் தெரிகிறது என்பதைக் கல்வித்துறையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் முகாம் நடத்திவிட்டு அடுத்த மாதமே அறிக்கை கேட்பது நியாயமில்லை.

நஞ்சு உடம்பில் என்ன செய்கிறது என்று ஆராயும் நச்சியல் என்றதும் பெரிய இயந்திரங்கள் வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகம் பள்ளிகளுக்காக உருவாக்கிய நச்சியல் பாடங்களில் லெட்டூஸ் கீரை விதை முளைப்பதை வைத்தே ஆய்வு நடக்கிறது. நமக்கு அதைவிட எளிதானது வெங்காயம். பதினோராம் வகுப்பில் வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி, செல் பிரிவதை நுண்ணோக்கியில் காட்டாத உயிரியல் ஆசிரியர் இருக்க மாட்டார். அதே வேரை நஞ்சைச் சோதிக்கும் கருவியாக்கலாம் என்று 1938இலேயே காட்டியவர் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான். அவர் சோதித்த கால்ச்சிசின் என்னும் நஞ்சு நமக்கு அந்நியம் இல்லை. தாராபுரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுவது அந்தப் பொருள் அதன் விதையில் இருப்பதால்தான்.

ஒரு தம்ளரில் நல்ல தண்ணீர், அடுத்தவற்றில் படிப்படியாக நீர்த்த உப்புக் கரைசல், கடைசியில் ஊர்க் கால்வாய் நீர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெங்காயத்தை அடிப்பகுதி நனைய உட்கார வைத்து, நான்கைந்து நாள் கழித்து வேரை அளந்தால் போதும். போதுமா? நல்ல தண்ணீரில் வைத்த வெங்காயமே வேர் விடவில்லை என்றால்? அப்போதுதான் ஒரு வெங்காயம் போதாது, பத்து வேண்டும் என்று புரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க மாசில்லாத ஒரு தம்ளர் ஏன் கட்டாயம் என்பதும் புரிகிறது. கால்வாய் நீரில் வேர் குட்டையானது அதில் கலந்த சாயப்பட்டறைக் கழிவாலா, வெறும் உப்பாலா என்ற அடுத்த கேள்வி தானாக வருகிறது. இந்தக் குழப்பத்தை ஆசிரியர் முதலில் தானே அனுபவிக்க வேண்டும். அனுபவித்தவர்தான் மாணவரின் தவறான முடிவைத் திட்டாமல், அது ஏன் வந்தது என்று கூடவே உட்கார்ந்து தேடுவார்.

கால்ச்சிசின் மிகச் சிறிய அளவில் கீல்வாதத்துக்கு மருந்து. கண்வலிக்கிழங்கைத் தின்றால் உயிருக்கு ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதுதான் நச்சியலின் முதல் பாடம். ஆனால் இரண்டாம் பாடம் அதற்கு நேர் எதிரானது. காரீயத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு காரீயம் இருக்கலாம் என்று கணித்தது. உரிந்து விழும் பழைய பெயின்ட், வீட்டுப் பக்கத்தில் பேட்டரி உருக்கும் பட்டறை, நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள்தூள் என்று வழிகள் பல. எந்த நஞ்சுக்கு எந்தப் பாடம் பொருந்தும் என்று பிரித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பறையில் ஒன்று வீண் பயம் பரவும், அல்லது வீண் தைரியம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழத் தொடங்கும். இன்னும் கூடி, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பையே வளைக்கும். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். ஒகேனக்கல் காவிரி நீர் 2013இல் குழாயில் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் ஆழ்துளைக் கிணற்று நீரை இன்னும் குடிக்கும் வீடு எது என்பது அந்த ஊர் ஆசிரியருக்குத்தான் தெரியும். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறையும் உருவாகிவிடுகிறது. ஆகவே ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கறை சொல்வது, மூன்று நான்கு வயதில் குடித்த தண்ணீரின் கதை. இது தெரிந்த ஆசிரியர், 'சரியாகப் பல் தேய்க்கவில்லையா?' என்று அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் கேட்க மாட்டார்.

இந்தப் பக்குவத்தையும் பயிற்சியில் சேர்த்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிய தகவல் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். பெற்றோரைக் கேட்காமல் எதையும் சேகரிக்கக் கூடாது. நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. ஒரு குடம் நீரைச் சோதித்துவிட்டு ஊர்க் கிணறே நஞ்சு என்று அறிவிக்கக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு, அங்கே உறுதி செய்துகொண்டு பிறகு பேச வேண்டும். உண்மையைக் கண்டுபிடிப்பதைவிட, அதை ஊருக்குப் பக்குவமாகச் சொல்வது கடினம்.

இப்படிப்பட்ட பயிற்சிக்கு நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகப் பிள்ளைகளோடு குளம் குட்டை என்று அலையும் வழிகாட்டி ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அடுப்புப் புகையையும் கிராமத்துப் பெண்களின் நுரையீரலையும் பற்றி உலகம் மதிக்கும் ஆய்வுகள் சென்னைப் போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் நடந்திருக்கின்றன. இந்த இரண்டு தரப்பும் ஒரே அறையில் சந்திப்பதற்கு ஏற்பாடுதான் இல்லை.

கல்லூரி வேதியியல், விலங்கியல் துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மே மாதம் பூட்டிக் கிடக்கும் உங்கள் ஆய்வகத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள். சொற்பொழிவு வேண்டாம், உங்கள் ஆய்வில் ஒரு சிறு பகுதியை அவர்கள் கையில் ஒப்படையுங்கள். கல்வித்துறை அந்த நாட்களைப் பணியிடைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும், பயணப்படியும் கொடுக்கட்டும். ஆசிரியர்களே, உங்கள் ஊர் நீரையோ மண்ணையோ காற்றையோ பற்றி உங்களுக்கு இருக்கும் ஒரே ஒரு கேள்வியை எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஆய்வகத்தில் அதற்கு வழி கிடைக்கும் என்று விசாரித்துப் பதில் தருகிறோம். நீங்கள் செய்து பார்த்ததை, முடிவு வராமல் போனதாக இருந்தாலும், இந்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
இதழாசிரியர்