வாட்ஸுக்கு முத்திரை உண்டா?



செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வியாபாரம் செய்யும் எனக்கு எடை என்றால் என்னவென்று தெரியும். ஆண்டு தவறாமல் தராசுக்கு முத்திரை போடுகிறோம். ஒரு கிலோ பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் முத்திரை ஆய்வாளர் சும்மா விடுவாரா? ஆனால் ஹோம் தியேட்டர் பெட்டியின் மேல் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். அதை எடை போட்டுப் பார்த்தவர் யார்?

தீபாவளிக்கு என் மகன் அப்படியொன்று வாங்கி வந்தான். கடையில் 'ஜுராசிக் பார்க்' படம் போட்டுக் காட்டினார்களாம்; டைனோசர் அடியெடுத்து வைக்கத் தரையே அதிர்ந்ததாம். வீட்டில் அதே படத்தைப் போட்டால் டைனோசரைக் காணோம், எண்ணெய் டின்னைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. பெட்டியைத் திருப்பினேன். பின்புறம் பொடி எழுத்தில் 'மின் செலவு 60 வாட்ஸ்' என்றிருந்தது. அறுபது வாட்ஸ் வாங்குகிற பெட்டி ஐயாயிரம் வாட்ஸை விடாமல் எங்கிருந்து கொடுக்கும்? ஒரு மூட்டை நெல்லில் எண்பது மூட்டை அரிசி கண்டது என்றால் லீ பஜாரில் யாராவது நம்புவார்களா?

பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்துக்குப் போடும் கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. கம்பெனிக்காரர் எழுதியதுதான் கணக்கு. தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அமெரிக்காவில் 1974-லேயே, வீட்டு ஆம்ப்ளிஃபயர் விற்பவர்கள் தொடர் சக்தியைச் சொல்லியாக வேண்டும் என்று அரசு விதி போட்டுவிட்டது. அதிலும் ஒன்று: வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும்.

படத்தின் மேல் குற்றமில்லை. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது, 1995-ல் நம் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 5.1 என்கிறார்களே, அந்தப் புள்ளி ஒன்று 'பேஸ்' ஒலிக்கென்றே ஒதுக்கிய தனி வழி. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடியும் வெடியும் அதில் வரும். 30 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே பதினொரு மீட்டர் நீளம். அதை எழுப்பக் காற்றை மொத்தமாகத் தள்ள வேண்டும்; பெரிய வூஃபரும் கனமான மரப்பெட்டியும் வேண்டும். நாலு அங்குல ஸ்பீக்கரும் பிளாஸ்டிக் பெட்டியும் என்ன செய்யும், பாவம்!

விற்றவரும் நம்மைப் போன்ற வியாபாரிதான். "கம்பெனி அச்சடித்ததை விற்கிறேன்" என்கிறார். பாக்கெட்டில் எடை குறைந்தால் நாமும் அதைத்தான் சொல்கிறோம், வாடிக்கையாளர் கேட்டுக்கொள்கிறாரா?

ஆகவே ரேடியோ, டி.வி. விற்கும் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள்: பில்லில் ஆர்.எம்.எஸ். வாட்ஸையும் வூஃபரின் அங்குலத்தையும் எழுதிக் கொடுங்கள். கட்டிக் கொடுக்கும் பெட்டியையே பிரித்துப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்கள் ஒரு பெட்டியோடு வரட்டும். டைனோசர் படத்தை நான் கொண்டுவருகிறேன்.