மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் நிற்கிறது: காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கிணற்றில் 5 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் போட்டால் பத்து நிமிடம் நன்றாக இறைக்கிறது. பிறகு விட்டுவிட்டு வந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. காயில் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். போர் போடச் சொல்கிறார் இன்னொருவர். மல்லாட்டை விழுது இறங்கும் நேரம். என்ன செய்யலாம்?
– வாசகர், செஞ்சி வட்டம்

பதில்: விழுது இறங்கி காய் பிடிக்கும் பருவத்தில் மண் காய்ந்தால் மகசூல் குறையும். அதனால் அவசரம் நியாயமானதே. ஆனால் அந்த அவசரத்தில் காயிலுக்கோ போருக்கோ பணம் போடுவதற்கு முன், ஒரு காலை நேரம் ஒதுக்கிக் குழாயைச் சோதிப்பது நல்லது. காயில் எரிந்த மோட்டார், தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நன்றாக இறைக்காது. இந்த அடையாளம் பெரும்பாலும் உறிஞ்சு குழாயில் காற்று நுழைவதைக் காட்டுகிறது. பேனலில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதையும் பார்க்கலாம். தண்ணீர் விட்டுவிட்டு வரும்போது ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்தால், பம்புக்குள் தண்ணீரோடு காற்றும் போகிறது என்று பொருள்.

பம்பு தண்ணீரை இழுப்பதாகச் சொல்வது வழக்கம். உண்மையில் தள்ளுவது வெளிக்காற்று. பம்பின் சக்கரம் சுழலும்போது அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. முழு வெற்றிடம் உண்டானாலும் காற்றால் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடிக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. குழாய் உராய்வும் புட்வால்வின் தடையும் சேர்வதால், நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே 20 அடிக்குள் இருப்பதே நல்லது. கோடையில் மட்டம் இறங்கினால் பம்பையும் கீழே இறக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலுக்கு அந்தக் காலத்தில் மண் குழாய் வழியே தண்ணீர் போனது. அப்படி அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால், ஈரம் வெளியே தெரியும். உறிஞ்சு குழாய் இதற்கு நேர் எதிர். ஓடும்போது தண்ணீர் வெளியே கசியாது; காற்றுதான் உள்ளே போகும். குழாய் காய்ந்தே இருப்பதால், பழுது இல்லை என்று தோன்றிவிடும். பழைய அம்பாசடர், பத்மினி கார்களிலும் இதே சிக்கல் உண்டு. வெடித்துப்போன வேக்கம் குழாய் வழியே காற்று நுழைந்தால் இன்ஜின் ஐடிலில் தடுமாறும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒவ்வொரு குழாயாக அடைத்துப் பார்த்து இடத்தைப் பிடிப்பார். கிணற்றடியிலும் அதே முறைதான்.

1. முதலில் புட்வால்வு. மோட்டாரை நிறுத்தி, மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றும் வாய் வரை நிரப்பி, மூடாமல் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். மட்டம் இறங்காவிட்டால் புட்வால்வு சரி. மட்டம் இறங்கி, நீருக்கு மேலுள்ள இணைப்புகள் எல்லாம் காய்ந்திருந்தால், பெரும்பாலும் புட்வால்வில் குப்பை சிக்கியிருக்கும் அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். ஏதாவது ஓர் இணைப்பில் ஈரம் தெரிந்தால் ஓட்டை அங்கேதான். நிறுத்திய நிலையில் குழாய்க்குள் தண்ணீரின் எடை வெளிநோக்கி அழுத்துவதால், ஒளிந்திருந்த ஓட்டை இப்போது வெளிப்படும்.

2. ஓடும்போது சோதனை. பம்புக்கு அருகிலுள்ள இணைப்புகளில் தண்ணீரின் எடை குறைவு; முதல் சோதனையில் அவை தப்பிவிடலாம். மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவ வேண்டும். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே போகும். ஊதுபத்திப் புகையும் அந்தப் பக்கம் இழுபடும். டீசல் இன்ஜின் பக்கத்தில் ஊதுபத்தி வேண்டாம். சுழலும் பாகங்களுக்கு அருகே கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது.

3. கிளாண்டு. ஓடும்போது கிளாண்டின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றினால் இறைப்பு சீராகிறதா? அப்படியானால் காற்று அங்கேதான் நுழைகிறது. கிளாண்டுக் கயிறு உள்ள பம்பில் சொட்டுச் சொட்டாக நீர் வருவது இயல்பு. ஒரு சொட்டும் வராதபடி முறுக்கினால் தண்டு சூடாகித் தேயும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பு என்றால் சொட்டக் கூடாது.

4. ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தல். இடம் இன்னும் தெரியாவிட்டால், ஓர் இணைப்பில் கிரீஸ் பூசி சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் அடுத்த இணைப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால், எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

5. ஓட்டை இல்லாமலும் காற்று நுழையும். இறைக்க இறைக்க மட்டம் இறங்கி, புட்வால்வு நீர்ப்பரப்புக்கு அருகில் வந்தால் சுழி விழும். அதன் வழியே காற்று போகும். கடைசி மட்டத்துக்கும் கீழே குறைந்தது 2 அடி ஆழத்தில் புட்வால்வு இருக்க வேண்டும். சேற்றைத் தொடவும் கூடாது. குழாய் பம்பை நோக்கி ஏறுமுகமாகவே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும்.

சைக்கிள் டியூப் கட்டு இரண்டு நாள் பாசனத்துக்குத்தான் தாங்கும். பிறகு மரையில் டெப்லான் டேப் சுற்றி, பிளாஞ்சில் புது ரப்பர் பேக்கிங் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முடுக்க வேண்டும்.

கிணற்றில் இறங்க வேண்டியிருந்தால் தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறும், மேலே இரண்டு ஆட்களும் அவசியம். டீசல் இன்ஜின் கிணற்றுக்குள் இருந்தால், அது ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ இறங்கக் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

ஐந்து சோதனையும் முடிந்து, மட்டமும் போதுமான அளவு இருந்து, அப்படியும் தண்ணீர் நின்றால், பம்பைக் கழற்றிச் சக்கரத்தைப் பார்ப்பதே அடுத்த வேலை. போர் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.